மறு: 'கெல்தா'வுக்குத் தமிழ்ச் சொல்

> சகாரா மலைகளில் தண்ணீர் நிற்கும் பாறைப் பள்ளத்துக்குப் 'பாலைக்குட்டை' சரிவருமா?

அக்கா, குட்டை வேண்டாம். குட்டை மண்ணில் கிடப்பது, கோடையில் வெடித்துக் காய்வது. கெல்தா மலைப்பாறையில் குடைந்தது.

அல்ஜீரியாவின் தெற்கே உள்ள அகாகர் மலைகளைப் பாருங்கள். தகாத் சிகரம் ஏறத்தாழ 2,900 மீட்டர். மலைமேல் ஏறும் காற்று குளிர்வதால், சுற்றியுள்ள சமவெளியைவிட அங்கே கொஞ்சம் கூடுதலாக மழை பெய்யும். அதுவும் எப்போதாவதுதான். பெய்துவிட்டால் வறண்ட ஓடையில் வெள்ளம் பாய்ந்து, பாறைப் படிகளில் விழும். விழுமிடத்தில் கல்லும் மணலும் சுழன்று சுழன்று ஆழமாகக் குடைந்துவிடும். அடிப்பாறை நீரை இறங்கவிடாது, செங்குத்தான சுவர்களின் நிழல் வெயிலை மறைக்கும். ஓடை காய்ந்த பிறகும் அங்கே மட்டும் தண்ணீர் நிற்பது இதனால்தான். துவாரெக் மக்கள் தம் கால்நடைகளை ஓட்டிச் செல்வதும் இவற்றை நம்பித்தான்.

சாத் நாட்டின் என்னெடி மலையில் உள்ள அர்ச்செய் கெல்தாவில் இன்றும் சில முதலைகள் உண்டு. 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை சகாராவில் ஆறும் ஏரியும் இருந்தன. அவை வற்றியபோது இங்கே ஒதுங்கிய முதலைகளின் வாரிசுகள் இவை. ஒட்டக மந்தைகளும் அதே நீரில்தான் இறங்கிக் குடிக்கின்றன! இதையா குட்டை என்பது?

என் பரிந்துரை 'பாலைச்சுனை'. சுனை என்றால் ஊற்று இருக்க வேண்டுமே என்று யாராவது கேட்பீர்கள். நம் குன்றுகளில் மழைநீர் மட்டும் தேங்கும் பாறைக்குழியையும் சுனை என்றுதானே சொல்கிறோம்? கெல்தாவிலும் சில ஊற்றால் நிறைபவை, சில வெள்ளத்தால். அப்புறம், பாலைத் திணையின் கருப்பொருள் பட்டியலில் நீர் என்ற இடத்தில் இருப்பதே வற்றிய சுனையும் கிணறும்தான். குறிஞ்சியும் முல்லையும் திரிந்தது பாலை என்றால், அகாகரை அப்படியே சொன்னதுபோல் இருக்கிறது.

வெறும் 'சுனை' போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அருஞ்சொற்பொருளில் இதற்குத் தனிப் பதிவு வேண்டும், அதற்கு முன்னொட்டு உதவும். ஓடை மணலைத் தோண்டி எடுக்கும் நீரை இதோடு சேர்க்க வேண்டாம். அதற்கு 'ஊற்று' இருக்கிறது.

பாலையில் மழை பெய்தால் மட்டும் ஓடும் வறண்ட ஓடையான 'வாடி'க்குக் 'காட்டாறு' என்று முன்பு எழுதியவர், ஆண்டுக்கணக்கில் நீரே ஓடாத வாடியையும் அப்படித்தான் சொல்வாரா? அதை முடித்துவிட்டால் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.