நாளாகமம் வம்ச அட்டவணை: ஸ்கிப் பண்ணலாமா?

கடுகுவிதை:
பைபிளை ஆதியாகமத்துல இருந்து வரிசையா படிச்சுட்டு வர்றேன், 1 நாளாகமம் வந்ததும் அப்படியே நின்னுட்டேன். ஒன்பது அதிகாரம் முழுக்க பேரு பேரு பேரு. கர்த்தர் உடன்படிக்கையில உண்மையுள்ளவர்னு காட்டத்தான் இதெல்லாம்னு பிரசங்கத்துல சொல்றாங்க, ஆனா வெறும் பேர்ல அது எங்க தெரியுது? யாராவது ஒரு இடத்தை காட்டி சொல்லுங்களேன்.

ஒலிவக்கிளை:
1ம் அதிகாரத்துல ஆரம்பிக்காதீங்க, நேரா 3க்கு போங்க. தாவீது, சாலொமோன், ரெகொபெயாம்னு ராஜாக்கள் வரிசை வரும். 2 சாமுவேல் 7ல "உன் வீடு என்றைக்கும் நிலைக்கும்"னு தாவீதுக்கு வாக்கு கொடுத்தாரு இல்லையா, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க. யூதா ராஜா எகொனியா வந்ததும் கதை முடியணும், ஏன்னா கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அவனை பாபிலோனுக்கு பிடிச்சுட்டு போயிட்டான், அப்புறம் 586ல எருசலேமும் ஆலயமும் எரிஞ்சு போச்சு, சிங்காசனமே இல்ல. ஆனா லிஸ்ட் நிக்கல! சலாத்தியேல், பெதாயா, செருபாபேல், அவனோட பிள்ளைங்க, அவங்களோட பிள்ளைங்கன்னு போயிட்டே இருக்கு, அதுல ஒருத்தன்கூட ராஜா கிடையாது. ராஜாவே இல்லாத காலத்துல உக்காந்து ஒருத்தர் இந்தப் பேரையெல்லாம் விடாம எழுதி வச்சிருக்காருன்னா அந்த வாக்கை இன்னும் நம்பித்தானே எழுதியிருக்காரு.

இன்னொண்ணு, பாபிலோன்ல தோண்டி எடுத்த களிமண் பலகைகள்ல யூதாவோட ராஜா யோயாக்கீனுக்கும் (அதே எகொனியாதான்) அவனோட அஞ்சு பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கு, 1939ல அதை வெளியிட்டாங்க. சிறையில இருந்தவனோட குடும்பம் பிழைச்சு இருந்ததுக்கு சாட்சி சொல்றது பிடிச்சுட்டு போனவங்களோட ஆபீஸ் கணக்கே!

கடுகுவிதை:
சூப்பர் பிரதர். ஆனா எரேமியா 22ல அவனை சந்தானமற்றவன்னு எழுதுங்கன்னு கர்த்தரே சொல்றாரே, அப்போ இந்தப் பிள்ளைங்க லிஸ்ட் எப்படி?

ஒலிவக்கிளை:
அந்த 30ம் வசனத்தை கடைசி வரைக்கும் படிங்க, அவன் வித்துல ஒருத்தனும் தாவீதின் சிங்காசனத்துல உக்கார மாட்டான்னுதான் முடியுது. அதே மாதிரிதான் நடந்துச்சு, பேரன் செருபாபேல் திரும்பி வந்து ஆலயத்தை கட்டினான் ஆனா பெர்சியா ராஜாவுக்கு கீழ ஒரு அதிபதி, அவ்வளவுதான். இதுக்கு முன்னாடி 24ம் வசனத்துல கோனியா (இதுவும் எகொனியாதான்) என் கையில முத்திரை மோதிரமா இருந்தாலும் கழற்றி எறிவேன்கிறாரு, ஆகாய் 2:23ல செருபாபேலை பார்த்து உன்னை முத்திரை மோதிரமா வைப்பேன்கிறாரு. ரெண்டையும் பக்கத்துல வச்சு படிங்க, எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

படிக்கிறவன்:
நல்லா இருக்கு, ஆனா எல்லா லிஸ்ட்டையும் வாக்குத்தத்தம்னு ஒரே சாயம் பூசிடாதீங்க. நிறைய இடத்துல அது நிலம் யாருக்கு, ஆசாரியன் யாருங்கிற சட்ட விஷயம். எஸ்றா 2ல பர்சிலாய் வம்சத்தார் சிலர் அட்டவணையில பேர் கிடைக்காததால ஆசாரிய ஊழியத்துல இருந்தே விலக்கப்பட்டாங்க. எண்ணாகமம் 1லயும் 26லயும் வர்ற ரெண்டு ஜனக்கணக்குல சிமியோன் கோத்திரத்தை பாருங்க, 59,300 பேர் 22,200 ஆயிடுச்சு. அதுவும் லிஸ்ட்தான், தண்டனை தெரியுற லிஸ்ட்.

ஒலிவக்கிளை:
ஒத்துக்கறேன். ஆனா அதே 26ல மொத்தத்தையும் பாருங்க: 6,03,550 இருந்தது 6,01,730. காலேப், யோசுவா தவிர முதல் தடவை எண்ணினவங்க எல்லாரும் வனாந்தரத்துல செத்துட்டாங்க, ஆனாலும் ஜனம் பெருசா குறையல. அப்புறம் அந்த லிஸ்ட் நடுவுல செலொப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க பேர் வருது, அடுத்த அதிகாரத்துலயே வந்து அப்பாவோட பங்கு நிலத்தை கேட்டு வாங்கிடறாங்க. நீங்க சொல்ற சட்ட விஷயமேதான், ஆனா அந்த நிலம் கர்த்தர் ஆபிரகாமுக்கு தர்றேன்னு சொன்ன நிலம் பாருங்க.

நாலாவது பெஞ்ச்:
ஆபிரகாமோட இன்னொரு மகன், ஈசாக்கோட அண்ணன் இஸ்மவேலை விட்டுட்டீங்க. ஆதியாகமம் 17:20ல பன்னிரண்டு பிரபுக்களைப் பெறுவான்னு சொல்றாரு, 25ல பன்னிரண்டு பேரும் பேரோட இருக்காங்க. உடன்படிக்கை ஈசாக்கோடதான்னு 17:21 தெளிவா சொல்லிடுது, அப்பவும் இவனுக்கு சொன்னதையும் மறக்கல. அதைவிட சின்ன லிஸ்ட் வேணும்னா ரூத் 4 கடைசி, பேரேஸ்ல இருந்து தாவீது வரைக்கும் பத்தே பேரு, ஸ்கிப் பண்ண சாக்கே கிடையாது 😄