ஏசியைப் போட்டதும் 'கர்ர்' என்ற ஓசை: கம்ப்ரசரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி (காங்கேயம்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய டீசல் காருக்கு ஒன்பது வயதாகிறது; 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அன்றாடம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மூன்று வாரங்களாக, ஏசியைப் போட்டவுடன் முன்பக்கத்திலிருந்து அம்மிக்கல்லைத் தரையில் இழுப்பது போன்ற ஓசை வருகிறது. குளிர்ச்சியில் குறை ஏதும் இல்லை. வழக்கமாக வண்டியை விடும் பட்டறையில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரசர் போய்விட்டது, மாற்றுவதற்கு 24,000 ரூபாய் ஆகும் என்றார்கள். இதைத் தவிர, இன்ஜினை அணைத்த பிறகு டேஷ்போர்டுக்குள் அரை நிமிடம் 'உஸ்ஸ்' என்று பாம்பு சீறுவது போலவும் கேட்கிறது. இரண்டும் ஒரே கோளாறுதானா? பெற்றோரைப் பழனிக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால், அதற்குள் சரிசெய்துவிட நினைக்கிறேன்.

மறுமொழி 1 (கோயம்புத்தூர்)

வணக்கம் தம்பி. இருபது ஆண்டுகளாகக் கார் ஏசி வேலை பார்க்கிறேன். சீறலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கம்ப்ரசர் நின்றதும், அதிக அழுத்தத்தில் இருக்கும் கேஸ், எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்ணிய துளை வழியாகக் குறைந்த அழுத்தமுள்ள பக்கத்துக்கு ஓடி, இரு பக்கமும் சமமாகும். நீங்கள் கேட்பது அந்த ஓட்டத்தைத்தான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே சீறலும் கொப்பளிப்பும் கேட்டு, குளிரும் குறைந்தால் மட்டுமே கேஸ் கசிவைத் தேட வேண்டும்.

'கர்ர்' என்ற ஓசையைத்தான் பொறுமையாக ஆராய வேண்டும். காலையில் இன்ஜினை முடுக்கி, ஏசியைப் போடாமல் பானெட்டுக்கு அருகே நின்று கேளுங்கள். அப்போதும் அதே ஓசை மெலிதாகவாவது இருந்தால், கம்ப்ரசரின் உட்பகுதியைவிட அதன் புல்லி பேரிங்கையே (பெல்ட் சுற்றும் சக்கரத்தைத் தாங்கும் உருளையையே) முதலில் சந்தேகிப்பேன். கிளட்ச் (ஏசியைப் போட்டால் மட்டும் புல்லியோடு கம்ப்ரசரை இணைக்கும் பாகம்) உள்ள கம்ப்ரசரில் ஏசி நின்றிருந்தாலும் பெல்ட்டோடு சேர்ந்து புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஏசியைப் போட்டதும் பெல்ட்டின் இழுவை கூடுவதால், தேய்ந்த பேரிங் அந்த நேரத்தில் உரக்கக் கத்தும். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பேரிங்குகளும் இதே போலக் கத்தக்கூடும் என்பதால், ஓசையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு புல்லியையும் உங்கள் கையாலேயே சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் ஓசையின்றி வழுக்கிக்கொண்டு சுற்றும். பிறகு கம்ப்ரசர் முகப்பில் இருக்கும் கிளட்ச் தட்டைத் திருப்புங்கள். அது கம்ப்ரசரின் தண்டோடு இணைந்தது. ஒரே சீரான இறுக்கத்தோடு திரும்பினால் உட்பகுதி பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். நறநறத்தாலோ ஓரிடத்தில் பிடித்து நின்றாலோ பட்டறைக்காரர் சொன்னதே சரி. கிளட்ச் இல்லாத கம்ப்ரசராக இருந்தால் இந்தச் சோதனை இப்படியே பொருந்தாது. ஒன்றை மறக்காதீர்கள்: இன்ஜின் ஓடும்போது துண்டோ வேட்டி நுனியோ பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

மறுமொழி 2 (தாராபுரம்)

எங்கள் வண்டியிலும் 'கடகட' என்று ஓசை வந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மாறாமல், காற்றின் வேகத்தை ஒன்றிலிருந்து நான்குக்குக் கூட்டும்போது மட்டும் கூடியது. அப்படியானால் இன்ஜின் பக்கம் தேடவே தேவையில்லை. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த, காற்றை உள்ளே ஊதும் புளோயரைக் கழற்றியபோது, அதன் விசிறிக்கூட்டில் நிலக்கடலைத் தொலிகளும் காய்ந்த வேப்பங்குச்சிகளும் கை நிறைய இருந்தன. தோட்டத்துச் சாளையில் வண்டியை நிறுத்துவதால் எலி கொண்டுவந்து சேர்த்திருந்தது. கேபின் ஃபில்டரையும் கடித்துக் குதறியிருந்ததால் புதிதாக மாற்றினோம்.

மறுமொழி 3 (பொள்ளாச்சி)

கம்ப்ரசர்தான் உடைந்திருக்கிறது என்று உறுதியானால், அதை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே தேய்ந்த உலோகத் துகள்கள் குழாய் முழுவதும் பரவி, புதிய கம்ப்ரசரையும் கெடுத்துவிடும். குழாய்களைக் கழுவி, கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரை மாற்ற வேண்டும். கேஸின் சூட்டை வெளியேற்றும் இப்போதைய கண்டென்சர்களின் மெல்லிய துளைகளில் சிக்கிய துகள்களை முழுவதும் கழுவி எடுப்பது கடினம் என்பதால் அதையும் மாற்றுவதே நல்லது. ஆர்-134ஏ கேஸைக் கண்மதிப்பாக ஏற்ற விடாதீர்கள். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும்; எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். கூடுதலாக ஏற்றினாலும் கம்ப்ரசர் முனகும்.

கேள்வி கேட்டவர் (காங்கேயம்)

அனைவருக்கும் நன்றி. கோவை அண்ணன் சொன்னபடி ஏசியைப் போடாமல் கேட்டபோது, அதே ஓசை மெலிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் வேறொரு பட்டறையில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி நானே சுற்றிப் பார்த்தேன். மற்றவை வழுக்கிக்கொண்டு சுற்றின. கம்ப்ரசர் புல்லி மட்டும் ஈர மணலில் திருப்புவது போலக் கையில் உறுத்தியது, அதன் மூடியின் விளிம்பில் செம்பழுப்புத் துரு பொடியாக ஒட்டியிருந்தது. கிளட்ச் தட்டு சீராகத் திரும்பியது. கேஸை இறக்காமலேயே கிளட்ச்சைக் கழற்றிப் பேரிங்கை மாற்றி, தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து அளந்து பொருத்தினார்கள். கூலியோடு 2,600 ரூபாய் ஆயிற்று. ஓசை முற்றிலும் நின்றுவிட்டது.

மறுமொழி 1 (கோயம்புத்தூர்)

மிக்க மகிழ்ச்சி தம்பி. பெல்ட்டைக் கழற்றி மாட்டியிருப்பதால், உங்கள் வண்டியில் கையால் முறுக்கும் டென்ஷனர் இருந்தால், பழனிக்குப் புறப்படுவதற்கு முன் பெல்ட்டின் இறுக்கத்தை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.