ரப்பிஷ் லாரியில் ஏறாத கழிவு

சைட் இன்ஜினியர், கோவை
கட்டட வேலையில் பொருள் எங்கே வீணாகிறது, அதைக் கணக்கில் எப்படிப் பிடிப்பது என்பதுதானே கேள்வி? கம்பியில் தொடங்கலாம், காசு அதிகம் போவது அங்கேதான். 230×450 மி.மீ. பீமுக்கு 25 மி.மீ. கவர் (கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட்டின் கனம்) விட்டால், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் 8 மி.மீ. ரிங் ஒன்றின் வெட்டு நீளம் ஏறக்குறைய 1.22 மீட்டர் (ஹூக் சேர்த்து, வளைவுக்குக் கழித்தபின்). 12 மீட்டர் கம்பியில் 9 ரிங் வரும். மிச்சம் 1.02 மீட்டர், அதாவது 8.5 சதவீதம் ஸ்கிராப்.

230×380 தூணுக்கு 40 மி.மீ. கவரில் ரிங் 0.96 மீட்டர். அந்த மிச்சத் துண்டில் இது ஒன்று வந்துவிடும், கடைசியில் வீணாவது 6 செ.மீ. மட்டும். ஆனால் பீம் கட்டும் நேரத்தில் அந்த மாடித் தூண் முடிந்திருக்கும். அதனால் ஸ்லாப் பீமின் பிபிஎஸ்ஸையும் (கம்பிகளின் நீளம், வளைவு, எண்ணிக்கைப் பட்டியல்) *அடுத்த* மாடித் தூணின் பிபிஎஸ்ஸையும் ஒரே வெட்டுப் பட்டியலாகப் போட வேண்டும். தனித்தனியாகக் கொடுத்தால் கம்பி கட்டுபவர் என்ன செய்வார், பாவம்? ஒவ்வொரு வேலைக்கும் புதுக் கம்பியைத்தான் எடுப்பார்.

ஸ்டோர் பொறுப்பாளர், ஓசூர்
கணக்கு சரிதான் சார். ஆனால் ஸ்டாக் சாஃப்ட்வேரில் அந்த 8.5 சதவீதம் அப்படியே தெரியாது. 8 மி.மீ. கம்பிக்கு மீட்டருக்கு 0.395 கிலோ என்பது ஏட்டுக் கணக்கு. 10 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு ஐஎஸ் 1786 (கம்பிக்கான இந்தியத் தரநிலை) கூட்டியோ குறைத்தோ 7 சதவீதம் விடுகிறது. வந்த லோடு 0.415 ஆக இருந்தால் ஒரு டன்னில் 2,410 மீட்டர்தான் இருக்கும். வாங்குவது எடைமேடைக் கணக்கில், கொடுப்பது கம்பி நீளத்தை 0.395 ஆல் பெருக்கி. முடிவில் 48 கிலோ காணாமல் போனதாகத் திரை காட்டும், பழி வாட்ச்மேன் தலையில். லோடு இலேசாக இருந்தால் இதற்கு நேர்மாறு: ஸ்டாக் மைனஸில் போகும், கம்பியோ கண்முன்னே கிடக்கும்.

ஒவ்வொரு லோடிலும் மூன்று கம்பியில் ஒரு மீட்டர் துண்டு வெட்டி எடைபோட்டு, சராசரியை அந்த பேட்ச்சின் எடையாகவே பதியுங்கள். எம்-சாண்டிலும் இதே குளறுபடிதான். யூனிட் என்றால் 100 கன அடி, 2.83 கன மீட்டர். சப்ளையர் டன்னில் பில் போடுகிறார், ஈர மணலோ உப்பி நிற்கும். வாங்க ஓர் அளவு, கொடுக்க ஓர் அளவு என்று வைக்காதீர்கள்.

குவான்டிட்டி சர்வேயர், சென்னை
கணக்கு சாஃப்ட்வேர் ஈஆர்பிநெக்ஸ்ட் ஆகட்டும், டேலி ஆகட்டும், ஸ்டோரிலிருந்து பொருள் கொடுக்கும் இஷ்யூ சிலிப்பில் "எந்த மாடி, எந்த வேலை" என்பது கட்டாயக் கட்டமாக இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மொத்த எண் ஒன்றுதான் மிஞ்சும். அதை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. சனிக்கிழமைதோறும் முடிந்த வேலையை அளந்து, ஓர் அலகு வேலைக்கு ஏட்டில் உள்ள பொருள் அளவால் பெருக்கி, இஷ்யூவோடு ஒப்பிட வேண்டும்.

உதாரணமாக உள்பூச்சு. 12 மி.மீ. கனத்தில் 100 சதுர மீட்டருக்கு 1.2 கன மீட்டர் கலவை. சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்காமல் சராசரி 18 மி.மீ. போனால் 1.8. இந்தக் கூடுதல் கலவை எந்த லாரியிலும் ஏறாது, சுவரிலேயே ஒட்டிக்கொண்டு "வேலை" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். கணினி "சிமெண்ட் அதிகம்" என்று பூச்சுக் கொத்தனாரைக் காட்டும். தப்பு அவர்மேல் இல்லை, செங்கல் கட்டும்போதே நடந்துவிட்டது. பூசும் முன் சுவரில் வைக்கும் மட்டப் பொட்டுகளின் கனத்தை அறைவாரியாக எழுதி, 15 மி.மீ. தாண்டிய அறையைச் செங்கல் வேலையின் கணக்கில் சேருங்கள்.

பிளானிங், பெங்களூரு
வேலையைச் செய்பவரே வாரத் திட்டத்துக்கு வாக்குக் கொடுக்கும், கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் உருவாக்கிய லாஸ்ட் பிளானர் முறை இங்கேதான் உதவும். மேஸ்திரி "இந்த வாரம் இதை முடிப்பேன்" என்று சொன்னது 10, முடிந்தது 6 என்றால் 60 சதவீதம். எண்ணைவிட முக்கியம், அந்த நாலும் ஏன் நின்றன என்பது. எலக்ட்ரீசியன் பைப் போடும் முன் பூசிவிட்டால் சுவரை வெட்டி மறுபடி பூசணும். ஆகவே பைப் முடிந்ததென்று அவர் கையெழுத்துப் போடாத சுவருக்குச் சிமெண்ட் இஷ்யூ ஆகாதபடி சாஃப்ட்வேரில் பூட்டுங்கள். சாப்பாட்டு நேரக் கலவையும் கவனிக்கவேண்டியது. தண்ணீர் சேர்த்த 2 மணி நேரத்துக்குள் தீர வேண்டும், 12 மணிக்கு முழு மூட்டை பிரித்தால் பாதி இறுகிவிடும்.

சைட் இன்ஜினியர், கோவை
ரெடிமிக்ஸில் (பிளாண்டில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) கடைசி வண்டியை முன்கூட்டியே ஆர்டர் போடாதீர்கள். ஸ்லாபில் முக்கால்வாசி முடிந்ததும் மிச்சப் பரப்பையும் பீம் ஆழத்தையும் டேப் பிடித்து அளந்த பிறகே பிளாண்டுக்குச் சொல்லுங்கள். அப்படியும் மீந்தால் கொட்ட, கவர் பிளாக் (கம்பியைத் தாங்கும் சிறு கட்டை), கோப்பிங் (மதில் தலைப்பு) அச்சுகளை எண்ணெய் தடவித் தயாராக வையுங்கள். வண்டி வந்தபின் அச்சு தேடினால் கான்கிரீட் முற்றத்தில்தான் விழும்.