சிப்ரோ எடுத்திராத அம்மாவின் கல்ச்சர் அறிக்கையில் ‘ஆர்’ வந்தது எப்படி?

கோண்டாவில் வாசகி:
வணக்கம். என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சலக்கடுப்பு என்று வைத்தியரிடம் காட்டியபோது சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது அதிலுள்ள பற்றீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினார்கள். அறிக்கையில் ஈ.கோலை என்று பற்றீரியாவின் பெயரை எழுதி, அம்பிசிலின், சிப்ரோபுளொக்சசின் (சிப்ரோ) ஆகிய பற்றீரியாக்கொல்லி மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ என்றும், நைற்றோபியூரன்ரோயினுக்கு எதிரே ‘எஸ்’ என்றும் போட்டிருந்தார்கள். ‘ஆர்’ என்றால் அந்த மருந்து வேலை செய்யாது, ‘எஸ்’ என்றால் வேலை செய்யும் என்று வைத்தியர் விளக்கினார். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். ஆனால் அம்மா தன் நினைவறிய சிப்ரோ எடுத்ததே இல்லை. எடுக்காத மருந்துக்கு எதிர்ப்பு எங்கிருந்து வரும்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உயிரியல் ஆசிரியர், வடமராட்சி:
பழகியது அம்மாவின் உடம்பு அல்ல, அக்கா. மாற்றம் பற்றீரியாவில்தான் இருக்கிறது. அந்த மாற்றத்தையும் மருந்து உண்டாக்கியதாகக் கொள்ள முடியாது. 1952இல் அமெரிக்க மரபியலாளர்கள் ஜோசுவா லெடர்பேர்க்கும் எஸ்தர் லெடர்பேர்க்கும் வெளியிட்ட பரிசோதனையை உயர்தர மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லிக்கொடுப்பது இதற்காகவே. மருந்து கலக்காத ஏகர் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) தட்டொன்றில் ஈ.கோலை கொலனிகளை, அதாவது பற்றீரியாக் கூட்டங்களை, வளரவிட்டு, அவற்றின் மீது வெல்வெட் துணியை ஒற்றி, அதே துணியை ஸ்ரெப்ரோமைசின் என்ற மருந்து கலந்த தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் தப்பிய கொலனிகள் அதே இடங்களிலேயே முளைத்தன. மருந்தைக் காணுமுன்பே எதிர்ப்புள்ளவை மூலத் தட்டில் இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மருந்து மற்றவற்றைக் கொன்று, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது.

அம்மாவிடம் அது வந்த வழியைப் பார்ப்போம். சலக்கடுப்பைத் தரும் ஈ.கோலை பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்தே சிறுநீர்ப் பாதைக்குப் போவது. குடலுக்கு அது உணவோடும் நீரோடும் கழுவாத கைகளோடும் வந்து சேர்கிறது. ஆகவே, எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்த மருந்தை அம்மா எடுத்திருக்க வேண்டியதில்லை. வேறு யாரோ, எங்கேயோ எடுத்திருந்தாலும் போதும். இதற்கு மேல், பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ வளையங்கள் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, இனம் கடந்தும் கைமாறுகின்றன. 1950களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள், வயிற்றுளைவு தரும் சிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையே பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரேயடியாகக் கடத்தப்படுவதைக் கண்டறிந்தார்கள்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. நமது நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக ஓடுவது. மண் வடிகட்டுவது போல அது வடிகட்டுவதில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறைந்த ஒழுங்கைகளில், ஒரு வீட்டாரின் குடலில் பெருகியது அடுத்த வீட்டுக் குடத்துக்கு வருவது கடினமல்ல. உங்கள் கிணறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்:
அந்த ‘ஆர்’ எப்படி வருகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். தட்டு முழுவதும் நோயாளியின் பற்றீரியாவைத் தடவி, மருந்தூட்டிய சிறு கடதாசி வில்லைகளை அதன்மேல் வைத்து, 35 பாகை செல்சியசில் ஓரிரவு விடுகிறோம். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். பலிக்காவிட்டால் மங்கலான வெண்படலம் வில்லையின் விளிம்பு வரை வந்து முட்டி நிற்கும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் எழுத்தைப் போடுகிறோம்.

அம்பிசிலினுக்கு ‘ஆர்’ என்றால், பெரும்பாலும் அந்தப் பற்றீரியா மருந்து மூலக்கூறின் வளையத்தை அறுக்கும் பீற்றா-லக்டமேஸ் நொதியத்தைச் சுரக்கிறது. சிப்ரோவுக்கு என்றால், மருந்து பற்றிக்கொள்ளும் டி.என்.ஏ கைரேஸ் நொதியத்தின் மரபணுவில் விகாரம் ஏற்பட்டிருக்கும். உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் பம்புப் புரதங்களும் துணைபோகலாம். நைற்றோபியூரன்ரோயின் 1950களிலேயே வந்த பழைய மருந்து. அது பற்றீரியாவைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால் எதிர்ப்பு மெதுவாகவே தோன்றுகிறது. ஆனால் அது சிறுநீரில் மட்டுமே செறிவது. காய்ச்சலோ முதுகுப்பக்க நோவோ வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அங்கே இந்த மருந்து போதாது என்பதால், உடனே வைத்தியரிடம் போங்கள்.

கோழிப்பண்ணை, சாவகச்சேரி:
பண்ணைகளையும் இதில் சேர்க்க வேண்டும். கோழிகளுக்குக் கொடுக்கும் என்ரோபுளொக்சசின், சிப்ரோவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோழியிலுள்ள கம்பிலோபக்ரர் என்ற வயிற்றோட்டப் பற்றீரியாவில் எதிர்ப்புப் பெருகி மனிதருக்கு வருகிறது என்பதனால் அமெரிக்காவில் 2005இல் கோழிகளுக்கு அதை நிறுத்தினார்கள். நோய் வருமுன்பே தண்ணீரில் கலந்துவிடும் வழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும். கொட்டிலைக் காயவைத்து, நெரிசலைக் குறைத்தாலே பாதித் தேவை இல்லாமற் போகும்.

கோண்டாவில் வாசகி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மேலும் சில கேள்விகள். இவற்றை வெல்லப் புதிய மருந்துகள் வரவில்லையா? வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலினை என்ன செய்வது? அம்மாவுக்குச் சுகம் வந்தபின் மறுபடி கல்ச்சர் செய்ய வேண்டுமா?

உயிரியல் ஆசிரியர், வடமராட்சி:
முதற் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன். 2015இல் மண் பற்றீரியாவிலிருந்து கண்டெடுத்த ரெயிக்சோபக்ரின் பெரும் நம்பிக்கை தந்தது, ஆனால் ஈ.கோலையின் வெளி மென்சவ்வைத் தாண்டி அது உள்ளே போகாது. இந்த வெளிச்சவ்வுதான் புதிய மருந்துகள் பலவற்றுக்கும் தடை. பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளை மருந்தாக்கும் முயற்சி 1919இல் நுண்ணுயிரியலாளர் பீலிக்ஸ் டெரெல் தொடங்கியது. ஜோர்ஜியாவின் திபிலிசியில் 1923இல் நிறுவிய நிலையம் இன்றும் அதைச் செய்கிறது. இந்த வைரசு ஒவ்வொன்றும் சில வகைப் பற்றீரியாக்களை மட்டுமே கொல்லும் என்பதால், நோயாளியின் பற்றீரியாவுக்குப் பொருந்துவதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்:
மிஞ்சிய மாத்திரைகளை அடுத்த தடிமனுக்கு எடுத்து வைக்காதீர்கள். தடிமன் வைரசினால் வருவது. அவற்றை மலசலகூடத்தில் கொட்டவும் வேண்டாம். பாமசியில் கேட்டுத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். இப்போது எழுதித் தந்த மருந்தை வைத்தியர் சொன்ன நாட்கள் வரை கொடுங்கள். அறிகுறிகள் நின்றுவிட்டால் மறு கல்ச்சர் பொதுவாகத் தேவைப்படாது. வயதான பெண்கள் பலருக்குச் சிறுநீரில் பற்றீரியா எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். அதைக் கண்டு பயந்து மருந்து கொடுத்தால், குடலில் எதிர்ப்புள்ளவைதான் மிஞ்சும். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் சத்திரசிகிச்சை செய்யவிருப்பவர்களும் இதற்கு விதிவிலக்கு.