புதுப்பிப்பு: மூக்கைத் தூக்கிய ஃபோம் விமானம் நேராகப் பறக்கிறது

ஃபோம் தாளில் கட்டிய, ரிமோட்டில் பறக்கும் ஏரோபாட்டிக் (வான்சாகச) மாடல் விமானம் முதல் பறப்பிலேயே மூக்கைத் தூக்கி, வேகம் செத்து விழுந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். மோட்டார் கோணத்தைப் பாருங்கள் என்றார்கள் சிலர், ஈர்ப்பு மையத்தை (விமானத்தின் எடை சமநிலையாகும் புள்ளியை) பாருங்கள் என்றார்கள் சிலர். இரண்டாமவர்கள் சொன்னதுதான் சரி.

சமநிலை பார்த்து முடித்த பிறகு, வயர் எட்டவில்லை என்று பேட்டரியை 6 செ.மீ. பின்னால் தள்ளியிருந்தேன். விமானம் 400 கிராம், பேட்டரி 100 கிராம். அப்படியென்றால் மையம் 1.5 செ.மீ. பின்னே போயிருக்கும். இறக்கையின் அகலம் (முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை) 24 செ.மீ.; மையம் முன் விளிம்பிலிருந்து 7.5-இல் இருக்க வேண்டியது 9-இல் இருந்தது. இவ்வளவு சின்ன விஷயம் விமானத்தையே உடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

வயரை நீட்டி, பேட்டரியைப் பழைய இடத்தில் வைத்தேன். எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) 30% எக்ஸ்போ கொடுத்தேன்; அதாவது குச்சியின் நடுப்பகுதியில் அசைவு மென்மையாக இருக்கும்படி ரிமோட்டில் அமைத்தேன். அப்புறம் 45 பாகையில் ஏற்றி, தலைகீழாகப் புரட்டி, ரிமோட்டின் குச்சியை விட்டுப் பார்த்தேன். மூக்கு கனமாக இருந்தால் சட்டென்று தரையை நோக்கி வளையும், வால் கனமாக இருந்தால் இன்னும் மேலே ஏறும். என்னுடையது ஏறக்குறைய நேராகவே போய், மெதுவாகத்தான் தாழ்ந்தது. அந்த நொடி நெஞ்சு நிறைந்துவிட்டது!

லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (பக்கவாட்டில் முழுச் சுழற்சி) இரண்டும் சுத்தமாக வருகின்றன. நைஃப் எட்ஜில் (ஒரு இறக்கை மேலேயும் மற்றது கீழேயும் இருக்கப் பறப்பது) மட்டும் சக்கரப் பக்கம் இழுக்கிறது. ரடரை (வாலின் செங்குத்து மடிப்பு) அசைத்தால் எலிவேட்டரும் கொஞ்சம் தானாக அசையும்படி ரிமோட்டில் மிக்ஸ் போட்டு அடுத்த முறை பார்க்கிறேன்.