புதுப்பிப்பு: எண்களும் பேச்சும் ஒரே அட்டவணையில்

சமூக சுகாதார மதிப்பீட்டில் சர்வே எண்கள் ஒரு பக்கம், குழு உரையாடல் குறிப்புகள் ஒரு பக்கம், இரண்டையும் எப்படிக் கோப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? ஒருவழியாகப் பிடிபட்டது.

அறிக்கையில் சர்வேக்கு ஓர் அத்தியாயம், உரையாடலுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்ததுதான் தப்பு. இப்போது ஒரே அட்டவணை, தலைப்புக்கு ஒரு வரிசை: முதல் கட்டத்தில் எண், அடுத்ததில் மக்கள் சொன்னது, மூன்றாவதில் இரண்டும் ஒத்துப்போகிறதா, முட்டுகிறதா. இந்த மூன்றாவது கட்டம்தான் மண்டையைக் காயவைத்தது. சிகிச்சை மையம் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சர்வேயில் பெரும்பாலோர் டிக் அடித்திருந்தார்கள். உரையாடலிலோ, "பக்கம்தான், நாங்க வேலை முடிஞ்சு போறதுக்குள்ள மூடிடுறாங்களே" என்றார்கள். முதலில் 'முரண்' என்று எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டேன். நாங்கள் தூரத்தைக் கேட்டோம், நேரத்தைக் கேட்கவே இல்லை.

8 பேர் கொண்ட குழுவில் 3 பேர் சொன்னதை '37.5 சதவீதம்' என்று போட்டிருந்ததையும் தூக்கிவிட்டேன். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தலையாட்டியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மேற்கோள்களில் வயது, தெரு, நோய் மூன்றும் சேர்ந்து வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெருவை எடுத்தாயிற்று, வயதை வரம்பாக மாற்றினேன். வரைபடங்கள் இன்னும் பாக்கி.