வீட்டு வாசலுக்கு வந்த மனநலக் கேள்விகள்: வடசென்னையில் உங்கள் அனுபவம் என்ன?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
எங்கள் தெருவுக்குப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்துபோகிறார். வறுமைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறாராம். என் அம்மா பேச மறுத்துவிட்டார். பதில் சொன்னால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். இப்படி யாரையாவது சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

வியாசர்பாடி களப்பணியாளர்:
அந்தப் பயத்தை நான் போன எல்லாத் தெருவிலும் கேட்டிருக்கிறேன். இதே மாதிரி ஓர் ஆய்வாளருடன் வீடு வீடாகப் போனவன் நான். கையில் ஒன்பது கேள்விகள் இருக்கும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி குறைந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அதிகபட்சம் மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம்.

எடுத்த எடுப்பில் "மனம் சோர்ந்து இருக்கிறதா?" என்று கேட்டால் நம் பெண்கள் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவார்கள். உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடப்பு, தலைபாரம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். என்னுடன் வந்த ஆய்வாளர் அம்மையார் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். முதலில் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் லாரி, குழுக் கடன் பற்றி உட்கார்ந்து பேசினார். அதற்குப் பிறகே ஒன்பது கேள்விகள். வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்கா சொன்னார்: "வெள்ளிக்கிழமை தவணை கட்டணும் தம்பி. வியாழக்கிழமை ராத்திரி கண்ணே மூடாது." தாளில் அது 'தூக்கக் குறைவு' என்ற கட்டத்தில் ஒரு எண்ணாக முடிந்திருக்கும். அவர் அதைத் தனியாக எழுதிக்கொண்டு, பிறகு எல்லா வீட்டிலும் தவணை நாள் எது என்று கேட்கச் சொன்னார். ஆய்வு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. வருமானம் குறைந்தவர்களிடம் அது அதிகம். மனச்சோர்வு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

காசிமேட்டில் மீன் விற்பவர் (மகள் தட்டச்சு செய்கிறாள்):
எங்களிடம் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகாது, கையில் காசு இருக்காது. அப்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் வரும். படகு போகும் மாதத்திலும் ஒருமுறை வந்து கேட்க வேண்டாமா? இன்னொன்று. உயிரை விடத் தோன்றியதா என்ற கேள்வியை என் மாமியாரை வைத்துக்கொண்டே கேட்டார்கள். ஒற்றை அறை வீட்டில் நான் எப்படி வாயைத் திறப்பது? இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எங்களை வெளியே ஒரு மர நிழலுக்கு அழைத்துப் போயிருக்கலாம்.

முன்பு கால்வாய்க்கரை, இப்போது பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பு:
என்னைச் சந்தித்தவர், வீடு மாறியதில் எது கஷ்டம் என்று கேட்டார். வேலைக்குப் போகும் பஸ் நேரம், பிள்ளையின் பள்ளி எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டேன். அவர் குடும்பத்துக்கு வேறு இடத்தில் வீடு ஒதுக்கினார்கள். குழாயடியில் அவரிடம் கொட்டித் தீர்த்தால்தான் எனக்கு அன்றைய நாள் ஓடும். கணவரிடம் பேச முடியாததையும் அவரிடம் பேசியிருக்கிறேன். இங்கே வீடு கெட்டியாக இருக்கிறது, மழைக்குப் பயமில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் யாரும் இல்லை.

வியாசர்பாடி களப்பணியாளர்:
சகோதரி, நீங்கள் சொன்னதை லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடம் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1978-இல் எழுதினார்கள். பெரிய கஷ்டம் வரும்போது, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்களே அதிகம் மனச்சோர்வில் விழுந்தார்கள். அங்கே அவர்கள் பெரிதும் பார்த்தது கணவரோடு அல்லது காதலரோடு உள்ள நெருக்கத்தை. நம் ஊரில் அந்த இடத்தில் பல பெண்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரே இருக்கிறார். வீடு ஒதுக்குகிறவர்கள் ஒரே தெருவில் இருந்தவர்களை ஒரே மாடியில் சேர்த்து வைத்தால் செலவு ஒன்றும் அதிகமாகிவிடாது. இதை நான் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன்.

ஆசிரியை அவர்களே, அம்மாவிடம் சொல்லுங்கள்: பதில் சொன்னதற்காக யாரையும் எங்கும் சேர்க்க மாட்டார்கள். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பாதியில் எழுந்தும் போகலாம். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. மதிப்பெண் அதிகமாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று ஆய்வாளரிடம் கட்டாயம் கேளுங்கள். கீழ்ப்பாக்கத்திலும் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். நேரில் போகத் தயங்கினால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் இருக்கிறது, எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.